வழிந்த பாலும் வெளுத்த முகமும்

வீட்டுக்கொரு விஞ்ஞானம்



இம்மாதம் சொந்தக் கதை ஒன்றோடு தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்; நம் வீடுகளில் பலவற்றுக்கு இது பொருந்தும்.

என் பெரியம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். பின்னாளில் அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயங்கள் இடிபட்டன. ஈப்போ புந்தோங்கில் மகன் வீட்டில் வந்து தங்கி, அங்கேயே காலமானார். பதினாறாம் நாள் காரியத்திற்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. அலமாரி, பெட்டி, பழைய சிடி எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தோம். அவர் தனியாக நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. 2008ஆம் ஆண்டு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின்போது, உச்சி வெயிலில், என் தம்பி ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம்.

படத்தில் பெரியம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் நெற்றியும் இடது கன்னமும் வெயில் பட்டு வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. விபூதி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கன்னத்து மச்சத்தைக் காணோம்.

ஒரு கடையில் கொடுத்தோம். "கவலைப்படாதீங்க, கம்ப்யூட்டரே சரி பண்ணிடும்" என்றார்கள். மறுநாள் படம் பெரிதாக, சட்டம் போட்டு வந்தது. கன்னம் நிரம்பியிருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை. நிறம் இரண்டு பங்கு வெளுத்திருந்தது. மச்சமும் இல்லை, மூக்குத்தியும் இல்லை! என் அம்மா படத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இது யாரு? எங்கக்கா மாதிரி யாரோ ஒரு பொம்பள" என்று சொல்லிவிட்டு, மாலையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் படத்தை என்ன செய்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், படம் ஏன் இப்படி வெளுத்துப் போகிறது என்று பார்ப்போம்.

நிரம்பிய மங்கு

டிஜிட்டல் படம் என்பது பல இலட்சம் புள்ளிகளின் கூட்டம். பத்து மெகாபிக்சல் கேமரா என்றால் ஒரு கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் மரத்தில் கட்டிய ஒரு மங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கில் பால் சொட்டுவது போல், கேமராவின் கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் சேர்கிறது. நிழலான இடத்தில் மங்கின் அடியில் கொஞ்சம். முகத்தில் பாதி மங்கு. வெயில் படும் வெள்ளைச் சட்டையில் விளிம்பு வரை.

மங்கு நிரம்பிய பிறகும் பால் சொட்டினால் என்ன ஆகும்? வழிந்து மண்ணில் போகும். நிரம்பி வழிந்த மங்கைப் பார்த்து, எவ்வளவு பால் வீணாகியது என்று எந்தக் கிராணியாராலும் கணக்குச் சொல்ல முடியாது. ஒரு சொட்டு வழிந்திருந்தாலும், ஒரு வாளி வழிந்திருந்தாலும், மங்கில் நிற்கும் அளவு ஒன்றுதான்.

படத்திலும் அப்படியே. நாம் சாதாரணமாகச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சக் கணக்கு 0 முதல் 255 வரைதான். 0 என்றால் கறுப்பு. 255 என்றால் நிறைந்தது. விபூதியும் 255, வெயில் பட்ட நெற்றியும் 255 என்று பதிவாகிவிட்டால் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. அங்கே கோடு இல்லை, மடிப்பு இல்லை, வெறும் வெள்ளை மட்டுமே. இதை ஆங்கிலத்தில் 'ஓவர் எக்ஸ்போஷர்' என்பார்கள். நம் வீட்டில் "படம் வெளுத்துப் போச்சு" என்போம். அதுவே சரியான சொல்.

மங்கு நிரம்பியதா என்று அறிய ஒரு வழி உண்டு. பல கேமராக்களிலும் மென்பொருள்களிலும் 'ஹிஸ்டோகிராம்' என்று ஒரு சிறு வரைபடம் இருக்கும். இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். இடையில் மலை போல் ஒரு வடிவம் தெரியும். மலை இரு பக்கமும் சரிந்து தரையில் இறங்கினால் படம் நலம். வலது ஓரத்தில் குனோங் ராப்பாட் பாறை போல் செங்குத்தாகச் சுவரில் முட்டி நின்றால், மங்குகள் வழிந்துவிட்டன என்று பொருள்.

ஆனால் மங்கு மூன்று!

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கு ஒன்றல்ல, மூன்று. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஒரே மரத்தில் மூன்று மங்கு கட்டியது போல. மூன்றும் ஒரே நேரத்தில் நிரம்புவதில்லை. மனிதத் தோலில் சிவப்பே மிகுதி. ஆகவே முகத்தில் முதலில் வழிவது சிவப்பு மங்கு. அது வழிந்த பிறகும் பச்சை மங்கில் இடம் மீதியிருக்கலாம்.

தைப்பூசத்தில் எடுத்த மஞ்சள் சேலைப் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? மடிப்புகளே இல்லாமல் மஞ்சள் தாளை வெட்டி ஒட்டியது போல் இருக்கும். அதுவும் இதே கதைதான். சிவப்பும் பச்சையும் நிரம்பிவிட்டன; நீலத்தில் மட்டும் மடிப்பின் தடம் மிச்சமிருக்கும்.

ஆக, வெளுத்த படம் கையில் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: மூன்று மங்கும் வழிந்ததா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் மீட்கலாம். மூன்றும் போயிருந்தால் அந்த இடத்தில் மீட்க ஒன்றுமே இல்லை. எந்த மென்பொருளானாலும், என்ன விலையானாலும், அங்கே அது செய்வது கற்பனை வேலைதான்.

கைப்பேசியில் திருத்துவது எப்படி?

கூகுள் நிறுவனத்தின் ஸ்னாப்சீட் இலவசமாகக் கிடைக்கும் செயலி. உங்கள் கைப்பேசியின் சொந்தப் படத் திருத்தப் பகுதியிலும் ஏறத்தாழ இதே கருவிகள் இருக்கும். பெயர் சற்று மாறலாம், வேலை ஒன்றுதான்.

1. முதலில் மூலப் படத்தைத் தேடிப் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருக்கப்பட்ட படம். எடுத்தவரிடமே கேட்டு, 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்காமல் வரும்.

2. ஒரு நகல் எடுத்துக்கொண்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். மூலத்தைத் தொடவே கூடாது.

3. 'ட்யூன் இமேஜ்' பகுதியில் 'ஹைலைட்ஸ்' என்பதைத் தேர்ந்து சிறிது சிறிதாகக் குறையுங்கள். வெளிச்சமான இடங்கள் மட்டும் அடங்கும். விபூதிக் கோடும் சேலைக் கரையும் எட்டிப் பார்த்தால் அதோடு நிறுத்துங்கள். ஆசைப்பட்டு முழுதும் குறைத்தால், உயிருள்ள வெள்ளை வராது. சாம்பல் பூசிய சுவர்தான் வரும்.

4. முகம் இருண்டிருந்தால் 'ஷேடோஸ்' என்பதைக் கொஞ்சம் கூட்டுங்கள். 'பிரைட்னஸ்' என்பதைத் தொட வேண்டாம். அது எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிவிடும்.

5. ஒரே ஓர் இடம்தான் வெளுத்திருக்கிறது என்றால் 'செலக்டிவ்' கருவி கைகொடுக்கும். அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, அங்கே மட்டும் வெளிச்சத்தைக் குறைக்கலாம்.

6. மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வியர்வை மினுக்குச் சிறு புள்ளியாக இருந்தால் 'ஹீலிங்' கருவி பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டும். இங்கேதான் கவனம் வேண்டும். விரல் தவறினால் பொட்டும் மச்சமும் விபூதியும் அதற்குக் கறைதான். அவற்றையும் துடைத்துவிடும்.

7. சிவப்பு மட்டும் வழிந்த முகத்துக்குக் கறுப்பு வெள்ளையே நல்ல மருந்து. ஸ்னாப்சீட்டின் கறுப்பு வெள்ளைப் பகுதியில் நிற வடிகட்டி உண்டு. அதில் பச்சையைத் தேர்ந்தெடுங்கள். பச்சை மங்கின் கணக்கு முன்னுக்கு வரும்.

கணினி இருக்கும் வீடுகளில் கிம்ப் என்னும் மென்பொருளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 1995இல் தொடங்கிய வேலை அது. 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 'ஷேடோஸ்-ஹைலைட்ஸ்' என்னும் கருவி அதில் இருக்கிறது. 'மோனோ மிக்சர்' என்பதைத் திறந்து சிவப்பையும் நீலத்தையும் 0 ஆக்கி, பச்சையை மட்டும் 1 என்று வைத்தால், பச்சை மங்கு மட்டும் பேசும்.

இன்னொன்று. வெள்ளையெல்லாம் குற்றமென்று எண்ணிவிடாதீர்கள். மூக்குத்திக் கல்லின் மினுக்கு, குத்துவிளக்குச் சுடர், குடத்துத் தண்ணீரில் வெயில் தெறிப்பு இவையெல்லாம் வெள்ளையாக இருப்பதே அழகு. அவற்றை அடக்கினால் படம் செத்துப் போகும்.

சட்டம் போட்ட பழைய படங்கள்

பல வீடுகளில் தாத்தா பாட்டி படங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. அதைக் கைப்பேசியில் படம் பிடித்தால் ஜன்னலும் விளக்கும் கண்ணாடியில் தெறித்து, தாத்தாவின் நெஞ்சில் ஒரு நிலா முளைக்கும். இதை மென்பொருளால் திருத்த முயல்வது வீண் வேலை. படத்தைக் கவனமாகச் சட்டத்திலிருந்து எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே விடுங்கள். பிளாஷை அணையுங்கள். ஐந்தடியில் வெயில் விழாத திண்ணையில், வெளிச்சம் பக்கவாட்டில் வருமாறு வைத்து எடுங்கள். பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டால் தெறிப்பு இன்னும் அடங்கும். 2016இல் கூகுள் வெளியிட்ட போட்டோஸ்கேன் செயலி, கைப்பேசியைப் படத்தின் மேல் நகர்த்திப் பல கோணங்களில் எடுத்து, தெறிப்பில்லாத பகுதிகளை ஒன்று சேர்த்துக் கொடுக்கும். கையில் செய்வதும் அதுவே: தெறிப்பு வேறு வேறு இடத்தில் விழுமாறு இரண்டு படம் எடுத்து, நல்ல பகுதிகளை இணைப்பது.

படச்சுருள் காலத்து நெகடிவ் வீட்டில் கிடந்தால் அதைப் பொன் போல் காப்பாற்றுங்கள். கலர் நெகடிவும் கறுப்பு வெள்ளை நெகடிவும் வெளிச்சம் கூடினால் எளிதில் தோற்காது. அச்சுப் படத்தில் வெளுத்துக் கிடக்கும் கன்னம் நெகடிவில் பத்திரமாக இருக்கலாம். அக்காலத்து ஸ்டுடியோக்காரர் இருட்டறையில், வெளுத்த இடத்துக்கு மட்டும் கையால் மறைத்து மறைத்துக் கூடுதல் வெளிச்சம் பாய்ச்சி அதைக் கறுக்க வைப்பார். இன்றைய மென்பொருள்களில் 'பர்ன்' என்ற பெயரில் கை போன்ற ஒரு சின்னம் இருக்கிறதே, அந்த இருட்டறைக் கையின் நினைவுதான் அது.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த குடும்பப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்வடிவில் பதிந்து வைக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செய்தது. இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்று அதற்குக் கைகொடுத்தது. பெரிய மனிதர்களின் படங்கள் அல்ல. நம் போன்ற குடும்பங்களின் படங்கள். அறிஞர்கள் தேடி அலையும் அப்படிப்பட்ட செல்வம் நம் தகரப் பெட்டியிலும் இருக்கலாம். ஆகவே பதிவு செய்யும்போது கறை, கிழிசல், வெளுப்பு எல்லாவற்றோடும் ஒரு பிரதியை உள்ளபடியே வைத்துவிடுங்கள். திருத்தம் எல்லாம் அடுத்த பிரதியில்.

வருமுன் காப்போம்

இனி எடுக்கப்போகும் படங்களுக்குச் சில குறிப்புகள்.

நெகடிவ் காலத்தில் "வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை" என்பார்கள். டிஜிட்டலில் அது தலைகீழ். சற்று இருட்டாக எடுத்ததைப் பிறகு வெளிச்சமாக்கலாம். கொஞ்சம் புள்ளி தட்டும், அவ்வளவுதான். வெளுத்ததை மீட்க முடியாது. கைப்பேசித் திரையில் வெளிச்சமான இடத்தை விரலால் தொடுங்கள். பல கைப்பேசிகளில் ஒரு சூரியக் குறி தோன்றும். அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். 'எச்டிஆர்' வசதி இருந்தால் போட்டு வையுங்கள். அது வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும்.

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து காவடிகள் கல்லுமலைக்குப் போகும்போது, உச்சி வெயிலில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். காலை வெயிலிலோ, பந்தல் நிழலிலோ எடுங்கள். ரப்பர் மரத்தடியிலும் எச்சரிக்கை வேண்டும். இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் போடும். மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் இன்னும் மோசம். இரண்டடி தள்ளி முழு நிழலில் நிறுத்தினால் போதும்.

கூடுதல் வசதியுள்ள கேமரா வைத்திருப்பவர்கள் 'ரா' முறையில் எடுத்துப் பழகுங்கள். ஜேபெக்கில் 256 படிகள் என்றால், 14 பிட் ராவில் 16,384 படிகள். ரா என்பது வாளியில் இருக்கும் பால் மாதிரி. இன்னும் எப்படியும் வடிக்கலாம். ஜேபெக் என்பது ஆசிட் ஊற்றி உறைய வைத்து உருட்டிய ஷீட்; இனி அதைப் பாலாக்க முடியாது. மிகையாக வழிந்தால் ராவும் காப்பாற்றாது. ஆனால் கொஞ்சம் இடம் கூடுதலாகத் தரும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலருக்குக் கறுத்த மேனி. விழா நாளில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முகம் தெரியட்டும் என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டினால் சட்டை வெளுக்கிறது. சட்டையைக் காப்பாற்றினால் முகம் இருள்கிறது. குற்றம் நம் நிறத்தில் இல்லை. அந்தக் காலத்தில் கோடாக் நிறுவனம் கலர் படங்களைச் சரிபார்க்க ஸ்டுடியோக்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். கலர் படமே வெள்ளைத் தோலுக்கு ஏற்றபடி பழக்கப்பட்டது. பிற்காலத்தில்தான் மாற்றம் வந்தது. 2021இல் கூகுள் தன் கைப்பேசியில் 'ரியல் டோன்' என்று கறுத்த மேனிக்கும் பொருந்தும் முறையைக் கொண்டுவந்தது. நாமோ அழகு வடிகட்டி போட்டு, உள்ள நிறத்தையும் நாமே கழுவிக்கொண்டிருக்கிறோம்!

பெரியம்மா படம்

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். கடைப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தம்பியின் பழைய சிடியிலிருந்து மூலப் படத்தை எடுத்தோம். கிம்ப்பில் மூன்று மங்கையும் தனித்தனியே பார்த்தோம். சிவப்பில் கன்னம் முழுதும் வெறும் வெள்ளை. நீலத்தில் புள்ளி புள்ளியாக ஒரே குழப்பம். பச்சையைத் திறந்தோம். மங்கலாக, ஆனால் தெளிவாக, கண்ணுக்குக் கீழே அந்த மச்சம்!

"இருக்குடா!" என்றார் அம்மா. திரையில் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

பச்சையை வைத்துக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினோம். நெற்றியில் விபூதியின் மூன்று கோட்டில் இரண்டு திரும்ப வந்தன. மூன்றாவது வரவில்லை, நெற்றியின் மேல்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மூன்று மங்கும் வழிந்திருந்தன. கோட்டை வரைந்துவிடலாமா என்று தம்பி கேட்டான். அம்மா வேண்டாம் என்றார். பக்கத்துத் தோலின் சாயலை மட்டும் மெல்லிய பூச்சாகத் தடவி, கண்ணை உறுத்தாமல் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டோம். மூக்குத்தியின் மினுக்கை அப்படியே விட்டோம்.

பெரிதாக்கினால் தாங்காது என்று நோட்டுப் புத்தக அளவில்தான் அச்சிட்டோம். கடைப் படத்தின் பக்கத்தில் வைத்தால் இது சின்னதுதான், மங்கல்தான். ஆனால் அம்மா மாலையை எடுத்து இதற்குத்தான் போட்டார். நெற்றியில் இன்னும் ஒரு வெளுப்பு இருக்கிறது. அன்றைக்குத் தோட்டத்தில் அடித்த வெயில் அது, இருந்துவிட்டுப் போகட்டும்.

வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்களை நிழலில் நிறுத்தி, ஆளுக்கொரு படம் தனியாக எடுத்து வையுங்கள். மாலை போடுவதற்கென்று எடுக்கவில்லை, ஆல்பத்துக்கு என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.